ஜெபம் எழுதித் தரமாட்டேன்

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் நீ சிரிப்பாய். நேற்றுதான் போனில் அரைமணி நேரம் பேசினோம். உனக்குச் சளி பிடித்திருப்பதும், நம் தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டிவிட்டு மூடாமல் போனதும், கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குப் பின்னால் பட்டம் போடவில்லை என்று உன் மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதும் எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. பிறகு எதற்குக் கடிதம் என்றால், போனை வைக்கப் போகிற நேரத்தில் நீ ஒன்று கேட்டாயே, அதற்காக. "யப்பா, ஒரு ஜெபம் எழுதிக் குடேன். ஓசூர் வூட்டுக்குப் போன அன்னிக்கி சாயந்தரம் நான்தான் பண்ணணுமாமே. பியூலா அழகா பண்ணுவா. எனக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல வராது. நீ எழுதிக் குடுத்தீன்னா மனப்பாடம் பண்ணிக்கறேன்" என்றாய். அதற்குள் உங்கம்மா, "சளிக்கு கஷாயம் வச்சி குடிச்சானா கேளுங்க" என்று குறுக்கே புகுந்தாள். பேச்சு கஷாயத்துக்குப் போய்விட்டது. நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

உன் பயம் எனக்குப் புரிகிறது. நம் சபையில் இது ஒரு வழக்கம். கல்யாணம் முடிந்து தனிக்குடித்தனம் போகிற வீட்டில் முதல் நாள் சாயங்காலம் போதகர் கிடையாது, சொந்தக்காரர்கள் கிடையாது. புருஷனும் பெண்சாதியும் மட்டும் முழங்கால் போட வேண்டும். புருஷன் வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். மண்டபத்தில் ஐந்நூறு பேர் முன்னால் என்றால்கூட எதையாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். ஒரே ஒரு ஆள் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும்போதுதான் கஷ்டம். அதுவும் உனக்குப் பெண்சாதியாக வரப்போகிற பியூலா மாதிரி வாலிபர் கூட்டத்தில் மைக் பிடித்து ஜெபம் பண்ணுகிற பெண் என்றால் கேட்கவே வேண்டாம். நாங்கள் தனிக்குடித்தனம் போன அன்று நான் என்ன பாடுபட்டேன் என்று உனக்குத் தெரியாது. ஒரு வாரமாக ஒத்திகை பார்த்து, உங்கம்மா முழங்கால் மரத்துப்போய் எழுந்து நிற்க முடியாமல் ஆகிறவரை பண்ணினேன். அவள் அதற்குச் சொன்ன ஒரே கருத்து, "பசிக்கலியா உங்களுக்கு?" என்பதுதான்.

நீ கேட்டதை நான் தட்டியதே இல்லை. அதனால் இன்று காலையில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதியும் பார்த்தேன். நான்கு வரி அருமையாக வந்தது. படித்துப் பார்த்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். ஜெபம் எழுதித் தரமாட்டேன் தம்பி. கோபித்துக்கொள்ளாதே. ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

உன் அப்பன் தொழில் உனக்குத் தெரியும். கலெக்டர் ஆபீசுக்கு எதிரே புங்கமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் மேஜை, இரண்டு நாற்காலி. ஒன்றில் நான், ஒன்றில் மனு கொடுக்க வந்தவர். திங்கட்கிழமையானால் மலையிலிருந்தும் கரும்புக்காட்டிலிருந்தும் ஜனங்கள் வந்து வரிசை கட்டுவார்கள். ஒருவருக்குப் பட்டா, ஒருவருக்குப் பாதை, ஒருவருக்கு முதியோர் பென்ஷன். அவர்கள் உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வரமாட்டார்கள். எருமை எப்படிச் செத்தது என்று தொடங்குவார்கள். அது கன்றாக இருந்தபோது எவ்வளவு சூட்டிகை என்பதற்குப் போவார்கள். நடுவில் அழுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், மருமகளைத் திட்டுவார்கள், பிறகு திட்டியதற்கு வருத்தப்படுவார்கள். நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அனுப்புநர், பெறுநர், பொருள் என்று போட்டு, 'மேற்படி கால்நடை இறந்துவிட்டபடியால் சமூகம் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று நாலு வரியில் முடித்துவிடுவேன். படித்துக் காட்டினால் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். தங்கள் எருமைக்கு இவ்வளவு மரியாதையா என்று இருக்கும்.

இதே கைவரிசைதான் சபையிலும் நடந்தது. என்னைப் போல ஜெபம் பண்ண ஆள் இல்லை என்று கள்ளக்குறிச்சி முழுக்கப் பெயர். வீடு பிரதிஷ்டையா, காதுகுத்தா, போர் போடுகிறார்களா, புது டிராக்டரா, கூப்பிடு அவரை. 'சர்வ வல்லமையும் மகா மகத்துவமும் பொருந்திய எங்கள் பரம தகப்பனே, உம்முடைய சமூகத்தில் அடியோர் தாழ்மையுடன் விண்ணப்பிப்பது என்னவென்றால்' என்று நான் எடுத்தால் சின்னப் பிள்ளைகள்கூட வாயை மூடும். கவனித்தாயா? சமூகம், தாழ்மை, விண்ணப்பம், கருணை. இரண்டு இடத்துக்கும் சரக்கு ஒன்றேதான். அனுப்புநர், பெறுநர் மட்டும்தான் போடவில்லை. எனக்கு அது அப்போது உறைக்கவே இல்லை. நன்றாக ஜெபிக்கிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மணலூர்பேட்டையில் அந்தக் கரும்புக்காரர் வீட்டுப் பிரதிஷ்டையை நீ மறந்திருக்கமாட்டாய். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். அடுக்களையிலிருந்து பிரியாணி வாசனை வேறு. நான் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். வாசற்படியை ஆசீர்வதித்தாயிற்று, நிலைக்கதவை ஆசீர்வதித்தாயிற்று, மோட்டாரையும் தண்ணீர்த் தொட்டியையும் விடவில்லை. கடைசியில், 'ஆகவே இந்தக் குடும்பத்தாருக்கு மேற்படி ஆசீர்வாதங்களை வழங்கி ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்கு' என்று சொல்லிவிட்டு நின்றேன். ஆமென் யாரும் சொல்லவில்லை. ஒரு மூலையிலிருந்து பன்றி உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது நீ. அடக்கிப் பார்த்திருக்கிறாய், முடியவில்லை. அப்புறம் போதகர் கைக்குட்டையை வாயில் வைத்தார். வீட்டுக்காரர் மட்டும் முகம் மாறாமல், "அண்ணே, கையெழுத்து நீங்க போடுறீங்களா, நான் போடணுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான், கூடம் முழுக்கச் சிரிப்பு. பிரியாணி எனக்கு இறங்கவில்லை. மூன்று பேரும் வண்டியில் கிளம்பினோம். முதுகுக்குப் பின்னால் நீ குலுங்குவது மட்டும் தெரிந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது உங்கம்மா சொன்னாள்: "இன்னா இப்ப? தெனமும் அதத்தான சொல்லிக்கினு இருந்தீங்க. இன்னிக்கிதான் எல்லாருக்கும் காதுல வுழுந்துச்சி."

அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. உனக்கு ஜெபம் பண்ணத் தெரியுமா என்று அவளைக் கேட்டேன். ஏனென்றால் உங்கம்மா சபையில் வாயைத் திறந்து ஜெபித்து யாரும் கேட்டதில்லை. பெண்கள் கூட்டத்தில் அவள் முறை வந்தால் பக்கத்தில் இருப்பவளைக் கிள்ளிவிட்டுவிடுவாள். எனக்கு அதில் கொஞ்சம் வெட்கம்கூட இருந்தது. இவ்வளவு பெரிய ஜெபக்காரனுக்கு இப்படி ஒரு பெண்சாதியா என்று.

ஆனால் அடுக்களையில் அவள் வாய் ஓயாது. அது உனக்கும் தெரியும். "இன்னாப்பா இது, பாலு மறுபடியும் திரிஞ்சி போச்சே, பாத்துக்கினு சும்மா இருக்கிறியே" என்பாள். நான் கூடத்திலிருந்து, "நான் இன்னாடி பண்ணேன்?" என்பேன். பதில் வராது. "யப்பா, இன்னிக்கி முட்டி வலி கொஞ்சம் கம்மிதான், தேங்க்ஸ்ப்பா" என்பாள். நான் தைலம் வாங்கி வந்ததற்குச் சொல்கிறாள் என்று நினைத்து, "பரவால்ல, பரவால்ல" என்பேன். என்னை அவள் 'இன்னாங்க' என்றுதான் கூப்பிடுவாள், 'ப்பா' போட்டதே கிடையாது. கோபம் வந்தால் மரியாதை குறையும் போலிருக்கிறது, சந்தோஷம் வந்தாலும் குறையும் போலிருக்கிறது என்று நானே ஒரு விளக்கம் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன். சில நாள் அவளே தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள் என்றும் எண்ணியதுண்டு. அவள் யாரிடம் பேசினாள் என்பது எனக்குத் தெரிந்த இடம், மலைப்பாதையில் ஒரு ஜீப்.

அது நீ சேலத்தில் டிப்ளமோ படித்த இரண்டாம் வருஷம். அரியர் விழுந்த செய்தி எங்களுக்கு அப்போது தெரியாது. விடுதி வார்டன் போன் பண்ணி, பையன் பெட்டியை வைத்துவிட்டு எங்கேயோ போய்விட்டான், உங்கள் வீட்டுக்கு வந்தானா என்று கேட்டார். உன் போன் அணைந்து கிடந்தது. உன் சிநேகிதர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சேலத்துக்கு ஓடிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. இதைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. இப்போதும் குத்திக்காட்ட எழுதவில்லை. அந்த நாட்களில் இங்கே என்ன நடந்தது என்பதை உனக்குச் சொல்லவில்லையே, அதற்காக எழுதுகிறேன். சொல்லாமலே கிழவனாகிவிடுவேனோ என்று ஒரு பயம்.

வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னச் சபையில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை. ஜெபிக்க என்னை முன்பே கூப்பிட்டிருந்தார்கள். நான் வரமுடியாது என்று சொல்லிவிடலாம் என்றேன். உங்கம்மாதான், "வூட்ல ஒக்காந்து போன மொறச்சி மொறச்சி பாத்துக்கினு இருக்கறதுக்கு அங்கன்னா போலாம் வாங்க" என்றாள். அடிவாரம் வரை பஸ். அங்கிருந்து ஷேர் ஜீப். பாதி மலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் மரம் ஒன்று சாலையின் குறுக்கே விழுந்து கிடந்தது. டிரைவரும் இரண்டு ஆண்களும் அரிவாள் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். ஜீப்பில் நாங்களும், மடியில் சாமை மூட்டை வைத்திருந்த மலைக்கார அம்மா ஒருவரும்தான் இருந்தோம். போனைப் பார்த்தேன். சிக்னல் இல்லை. இனி நீ கூப்பிட்டாலும் கிடைக்காது.

உங்கம்மா வெளியே மழையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தாள். "யப்பா, எம் புள்ள எங்க இருக்கறான்? நீ பாத்துக்கினுதான இருக்கற? சோறு துன்னானா, இல்லியா? மழையில கிழையில நனைஞ்சிடப் போறான், அவனுக்கு சளி புடிச்சா வுடாது. எதுனா சொல்லுப்பா."

எனக்குத் துக்கம் பொங்கிக்கொண்டு வந்தது. "எனக்கு மட்டும் இன்னாடி தெரியும்? நானும்தான் தேடிக்கினு இருக்கறேன்" என்று கத்தினேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "உங்கள யாரு கேட்டா?" என்றாள்.

மலைக்கார அம்மா என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பின்சீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "ஒங்க அப்பாரும் கூட வந்திருக்காராம்மா?" என்று கேட்டார்.

"வந்திருக்காரு" என்றாள் உங்கம்மா.

எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. "நீ யாருகிட்ட பேசிக்கினு இருக்கற?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவருகிட்டதான். வேற யாருகிட்ட?"

"ஆண்டவரையா? அவரப் போயி நீ வா போன்னா பேசுவ?"

"எங்கப்பன நான் வேற எப்பிடி பேசுவேன்? உங்கள மாரி நீர், உம்ம, உம்முடையன்னு பேசறதுக்கு அவரு இன்னா தாசில்தாரா?"

தம்பி, அந்த ஜீப்பில் எனக்குப் பாலும் ஞாபகம் வந்தது, முட்டிவலியும் ஞாபகம் வந்தது. நான் 'பரவால்ல, பரவால்ல' என்று வாங்கிக்கொண்ட நன்றியெல்லாம் யாருக்குப் போக வேண்டியது என்று நினைத்ததும், அந்த மனநிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மலைக்கார அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பேருமே சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். மூட்டையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மரத்தை வெட்டித் தள்ளிவிட்டு மேலே போய்ச் சேர்ந்தபோது ஆராதனை பாதி நடந்துகொண்டிருந்தது. தகரக் கூரை. பலிபீடத்துக்கு முன்னால் சாமையும் பூசணியும் தேன் பாட்டிலும் குவித்து வைத்திருந்தார்கள். கால் கட்டிப்போட்ட இரண்டு சேவல்கள் கூவிக்கொண்டிருந்தன. கள்ளக்குறிச்சியிலிருந்து வந்திருக்கும் ஜெபவீரர் என்று என்னை எழுப்பிவிட்டார்கள். எழுந்து நின்றேன். 'சர்வ வல்லமையும்' என்று வாயெடுத்தேன். அதற்கு மேல் வரவில்லை. பொருள் என்று போட்டுவிட்டு எழுத வேண்டியது மறந்துபோனவன் மாதிரி நின்றேன். வெளியே தண்ணீர் சொட்டுகிற சத்தம். பிறகு எனக்கே தெரியாமல் வாய் பேசியது. "எம் புள்ள எங்க இருக்கறான்னு தெரியலங்க. போன் எடுக்க மாட்டேங்கறான். எனக்கு ஒண்ணும் புரியலங்க. நீங்கதான் பாத்துக்கணும்." அவ்வளவுதான். நன்றியும் சொல்லவில்லை, அறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே குரலாக ஆமென் வந்தது. என் ஜெபத்துக்கு அப்படி ஒரு ஆமெனை அதற்கு முன் நான் கேட்டதில்லை. வெளியே வந்ததும் சாமைச் சோறும் கோழிக் குழம்பும் போட்டார்கள். நீ காணாமல் போனதிலிருந்து அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

உடனே போன் அடித்தது என்று எழுதினால் சாட்சி சொல்ல வசதியாக இருக்கும். அடிக்கவில்லை. கீழே இறங்கி, சிக்னல் வந்து, வீட்டுக்கு வந்து படுத்தும் அடிக்கவில்லை. ஆனால் எனக்குள் ஒன்று மாறியிருந்தது. அதற்கு முன் ஆண்டவர் எனக்குப் பெரிய ஆபீசில் உள்ளே ஒரு அறையில் இருந்தார். நான் வாசலில் மனுவோடு நின்றேன். இப்போது அவர் எங்கள் வீட்டில் இருந்தார், எங்களோடு சேர்ந்து அவரும் உனக்காகக் காத்திருந்தார். இப்படிச் சொல்வது தப்பா சரியா என்று போதகர் ஐயாவைக் கேட்டால்தான் தெரியும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

அந்த நாட்களில்தான் நான் அவரிடம் பேசப் பழகினேன். சுலபமாக இல்லை. முதலில் அவரை என்னவென்று கூப்பிடுவது என்றே தெரியவில்லை. உங்கம்மா மாதிரி 'நீ' போட எனக்கு நாக்கு எழவில்லை. எங்கப்பாவை நான் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தேன். அதனால் மலையில் தானாக வந்த அந்த 'ங்க'வையே வைத்துக்கொண்டேன். வண்டியில் போகும்போது, "இன்னாங்க, இன்னிக்கி வெயில் ஜாஸ்தியா இருக்கே" என்பேன். பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்ப்பான். மரத்தடியில் உட்கார்ந்து ஒரு மனுவுக்கும் அடுத்த மனுவுக்கும் நடுவில், "இந்தம்மா பாவங்க, எதுனா பண்ணுங்க" என்பேன். கோபம் வந்தால் அதையும் சொன்னேன். "என் புள்ளைய எங்கங்க வச்சிருக்கிறீங்க?" என்று ஒருநாள் சண்டையே போட்டேன். சண்டை போட்டபிறகு வெட்கமாக இருந்தது. அவர் எழுந்து போய்விட்ட மாதிரி மட்டும் ஒருபோதும் தோன்றவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன், சபையில் 'நீர்' என்று ஜெபிப்பது பொய் என்று நான் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பட்டுவேட்டி கட்டுகிறோம், நல்லதுதான், நீயும் கட்டப் போகிறாய். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றால் எனக்கு 'சர்வ வல்லமையும்' வரத்தான் செய்கிறது. அதுவும் என் பாஷைதான், எனக்கு அதில் ஆசை உண்டு. ஆனால் இருபத்துநாலு மணி நேரமும் பட்டுவேட்டியோடு இருக்க முடியாது. உனக்கு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வருகிற நேரம் இருக்கிறதே, அது ரொம்ப நல்ல நேரம். சூப்பர்வைசர் திட்டியதைச் சொல். மெஸ் சாம்பார் நன்றாக இருந்தால் அதையும் சொல். வேதத்தை எடுத்தால் இத்தனை அதிகாரம் முடிக்க வேண்டும் என்று ஓடாதே. ஒரு வரி பிடித்துப்போனால் அங்கேயே உட்கார்ந்து, இது எனக்குச் சொன்னதா என்று அவரையே கேள். சில நாள் ஒன்றும் பேசத் தோன்றாது. அப்போது சும்மா இரு. நானும் உங்கம்மாவும் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறோமே, அதைப் பார்த்து யாராவது இவர்களுக்குள் சண்டை என்று சொல்வார்களா?

சில வாரம் அவரை மறந்தே போய்விடுவாய். அது நடக்கும். எனக்கும் நடக்கிறது. மறந்துவிட்டோமே, இனி எந்த முகத்தோடு போய்ப் பேசுவது என்று மட்டும் நினைத்துவிடாதே. நீ பத்து நாள் எங்களுக்குப் போன் பண்ணாமல் இருந்துவிட்டு, பதினோராம் நாள் தயங்கித் தயங்கிப் பண்ணுகிறாய். உங்கம்மா என்ன கேட்கிறாள்? "உயிரோட இருக்கறியா?" என்று ஒரு திட்டு. அடுத்த மூச்சில் "சாப்டியா?" அதற்கு மேல் அந்தப் பத்து நாள் எங்கே போனது என்று கேட்கிறாளா?

பியூலாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் அழகாக ஜெபிக்கிறாள் என்று நீ கூனிக்குறுகாதே. என் ஜெபத்தைக் கேட்டுக் கேட்டு உங்கம்மா வாயை மூடிக்கொண்ட மாதிரி உன் வீட்டில் நடக்க வேண்டாம். அவளுக்கு வருவது அவளுடைய பேச்சு. உனக்கு வருவது உன்னுடையது. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் அப்பாவிடம் ஒரே மாதிரியா பேசும்? இதை உங்கம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணு நல்லா பண்ணா பண்ணட்டும், இவன் சத்தமா ஆமென் சொல்லட்டும், அப்பால ரெண்டு பேரும் சூடா சாப்புடட்டும்" என்கிறாள். அவளுக்கு எல்லா ஜெபமும் சாப்பாட்டில்தான் முடிய வேண்டும்.

இனி அந்தப் போன் விஷயம். மலையிலிருந்து வந்து ஒரு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை. மரத்தடியில் சரியான கூட்டம். ஒருவருக்குப் பாதி மனு எழுதிக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தேன். "யப்பா" என்றாய்.

அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை நீ. மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது. "சின்னசேலமா?" என்றேன். "ம்" என்றாய். "அங்கயே இரு, வந்துட்டேன்" என்று எழுந்துவிட்டேன். மனுக்காரர், "அண்ணே, எங்க போறீங்க? என் மனு இன்னாவறது?" என்று கத்தினார். "நீயே உள்ள போயி வாயால சொல்லுப்பா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அவர் போய்ச் சொல்லி, காரியமும் நடந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். என் தொழிலுக்கு நல்லதில்லை, வெளியே சொல்லாதே.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். தாடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. ஆத்தூர்ப் பக்கம் ஒரு சிநேகிதன் வீட்டு மக்காச்சோளக் காட்டில் இருந்ததாகச் சொன்னாய். அரியரைச் சொல்ல ஆரம்பித்தாய். "மொதல்ல டீ குடி" என்றேன். டீ குடித்துவிட்டு, கிளாசைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "தெனமும் பண்ணலாம்னுதான்ப்பா போன எடுத்தேன். உங்கிட்ட எப்பிடி சொல்றதுன்னு வார்த்தையே வரல. அதான் பண்ணல" என்றாய். கிளாசை வாங்கி டீக்காரரிடம் கொடுத்துவிட்டு வண்டியை உதைத்தேன்.

அன்றும் வார்த்தை வரவில்லை என்றாய். நேற்றும் வார்த்தை வராது என்கிறாய். அதனால் அன்று சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். நீ சரியான வார்த்தைக்காகக் காத்திருந்த அத்தனை நாளும் நான் உன் குரலுக்காகக் காத்திருந்தேன். அரியர் எத்தனை என்று அறிய அல்ல. நீ கூப்பிட்டதும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நீ பத்திரமாக இருக்கிறாய், பயந்திருக்கிறாய், வீட்டுக்கு வர நினைக்கிறாய். இது எல்லாம் அந்த ஒரு வார்த்தையிலேயே இருந்தது. மனு எழுதுகிற தொழிலில் இருக்கிற நான் சொல்கிறேன், அதைவிட நல்ல மனு என் கைக்கு இதுவரை வந்ததில்லை.

ஓசூர் வீட்டில் முதல் சாயங்காலம் இரண்டு பேரும் முழங்கால் போடுங்கள். கண்ணை மூடிக்கொள். "யப்பா" என்று கூப்பிடு. அதற்கு மேல் வந்தால் பேசு. வராவிட்டால் அப்படியே இரு. அன்று அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு, கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவன் வெறும் உன் அப்பன்தான். ஆண்டவர் அவ்வளவு தூரம் வர வேண்டியதுகூட இல்லை.

அம்மா கஷாயத்துக்குச் சுக்கும் மிளகும் பொடித்து இதோடு அனுப்புகிறாள். பியூலாவுக்கும் கொடு.

உன் அப்பா